219க்கு 212
2010 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா 219க்கு 212 என்று தப்பிப் பிழைத்தது. குடியரசுக் கட்சியிடமிருந்து ஓர் ஓட்டுகூட விழவில்லை. ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்தார்கள். செலவு பற்றி, வரி பற்றி எதிர்த்தவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்த நோயாளிக்கு அவர்கள் என்ன வழி சொன்னார்கள்? எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை. 2017 ஜூலையில், அந்த மசோதாவால் வந்த சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்க செனட்டில் நள்ளிரவு தாண்டி வாக்கெடுப்பு. மூளைப் புற்றுநோயோடு வந்திருந்த குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே சாய்த்தார். சட்டம் வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர்தான் அவரும். 51க்கு 49 என்று அந்த முயற்சி தோற்றது.