பாட்டி தொடங்கிய பள்ளிக்கூடம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் பேராசிரியர் ராஜேஸ்வரி சாட்டர்ஜி, 2010 செப்டம்பர் 3 அன்று தமது 88-ஆவது வயதில் காலமானார். கர்நாடகத்தின் முதல் பெண் பொறியாளர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் அவருடைய கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவருடைய பாட்டி.

பாட்டியின் பெயர் கமலம்மா தாசப்பா. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்களில் ஒருவர். பெற்ற படிப்பை வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் மகிளா சேவா சமாஜத்தின் கீழ் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1922 ஜனவரியில் பிறந்த பேத்தி படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். பிறகு சென்ட்ரல் கல்லூரியில் கணிதம். பி.எஸ்ஸி. ஆனர்ஸிலும் எம்.எஸ்ஸியிலும் முதலிடம். சுதந்திரத்துக்கு முந்தைய இந்தியாவில் ஒரு பெண் இவ்வளவு தூரம் படித்தாள் என்றால், அவளுக்கு முந்தைய தலைமுறையில் யாரோ ஒருவர் பாதை வெட்டி வைத்திருக்கிறார் என்று பொருள்.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையிலும் இது நடந்தது. பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்ற லலிதா என்ற இளம்பெண், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். வழி திறந்தவர் அங்கே பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ். அங்கே அப்பா, இங்கே பாட்டி. இருவருமே கற்பிப்பதை வாழ்க்கையாகக் கொண்டவர்கள்.

1943-இல் ராஜேஸ்வரி அறிவியல் கழகத்துக்குப் போனார். சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்ய ஆசை. இயற்பியலில் பட்டம் இல்லை என்று ராமன் மறுத்துவிட்டார். பத்தாண்டுகளுக்கு முன் ஆராய்ச்சி செய்ய வந்த கமலா சோஹோனி என்ற பெண்ணுக்கும் முதலில் இதே வளாகத்தில், இதே ராமனிடமிருந்து மறுப்புதான் கிடைத்தது. சோஹோனி விடாமல் போராடிச் சேர்ந்தார். ராஜேஸ்வரி மின்தொழில்நுட்பத் துறைக்கு நகர்ந்தார். அரசு உதவித்தொகை கிடைத்தது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். முதுகலைப் பட்டம், வாஷிங்டனில் எட்டு மாதப் பயிற்சி, மறுபடி மிச்சிகனில் முனைவர் பட்டம் என்று முடித்துக்கொண்டு 1953-இல் ஊர் திரும்பினார்.

அதே ஆண்டில் அறிவியல் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். சக ஆசிரியர் சிசிர் குமார் சாட்டர்ஜியைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து மைக்ரோவேவ் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். ரேடார், செயற்கைக்கோள் என்று இன்று எதை எடுத்தாலும் அதில் மைக்ரோவேவ் அலை உண்டு, அலையை அனுப்பவும் பிடிக்கவும் ஆன்டெனா உண்டு. நாட்டில் இந்தத் துறை தளிர்விடத் தொடங்கிய நாட்களில் அதைப் பாடமாக நடத்தியவர் ராஜேஸ்வரி. 20 பேர் அவரிடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஏழு நூல்கள். ஒருகாலத்தில் கேட்ட இடத்தை மறுத்த அதே வளாகத்தில் துறைத்தலைவராகவும் ஆனார்.

இந்தச் சாதனைகளை யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். ஆசிரியை ஒருவரின் பிள்ளையாக வளர்ந்த எனக்கு, பட்டியலுக்கு வெளியே இருப்பதைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது. என் அம்மா கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் கட்டுகள் வீட்டுக்கு வரும். திருத்தி முடித்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிச் சரிபார்ப்பது பிள்ளைகளாகிய எங்கள் வேலை. அதற்கு ஒரு சட்டம் உண்டு: யார் எத்தனை வாங்கினார்கள் என்பது அந்த அறையைத் தாண்டக் கூடாது. “பக்கத்து வீட்டுப் பையன் பெயிலானா அது அவனோட விஷயம், உங்களோடது இல்ல” என்பார். அடுத்தவர் தோல்வியைப் பேச்சுப்பொருளாக்காத பழக்கம் எங்களுக்கு அந்தத் தாள்களில் இருந்துதான் வந்தது. அம்மா வேலை, டீச்சர் வேலை என்று இரண்டு தனித்தனியாக எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

ராஜேஸ்வரியின் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். மகள் இந்திரா சாட்டர்ஜியும் மின்பொறியியல் படித்தார். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில், ரீனோ நகரில், அவரும் பேராசிரியர் ஆனார். மின்காந்த அலைகள் உயிருள்ள உடலில் என்ன செய்கின்றன என்பது அவருடைய ஆய்வு. அம்மா அலையை ஆன்டெனாவில் பார்த்தார். மகள் அதையே உடம்பில் பார்த்தார். பாட்டியின் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய படிப்பு இப்படிக் குடும்பச் சொத்தாகக் கைமாறியிருக்கிறது. நகையும் நிலமும் பங்கு போட்டால் குறையும். இந்தச் சொத்திலோ முன்பின் தெரியாத இருபது பேர் பங்கு வாங்கிய பிறகும், மகளுக்கு முழுதாகவே மிச்சமிருந்தது.

ஓய்வுக்குப் பிறகும் ராஜேஸ்வரியின் கை ஓயவில்லை. பெண்கள் நிலை பற்றிய ஆய்வுக்கான இந்திய அமைப்பில் இணைந்து உழைத்தார். 1994-இல் கணவர் காலமானார். 2004-இல், அவருக்கு 82 வயதாகும்போது, ஆன்டெனா பற்றி இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்தது. இந்தியப் பெண்கள், ஆண்கள் சிலரின் உண்மைக் கதைகளைத் தொகுத்து ‘வசுதைவ குடும்பகம்’ என்ற பெயரில் ஒரு புத்தகமும் எழுதினார். அவருடைய நூல்களில் நான் மிகவும் மதிப்பது இந்தப் புத்தகத்தைத்தான். தமக்கு முன்னால் நடந்தவர்களை எழுதிவைக்காவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமலே போய்விடும் என்பதை அந்த ஆசிரியை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

நம் வீடுகளிலும் எத்தனையோ ஆசிரியைகள் இருக்கிறார்கள். பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கும் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே குரலில் பாடம் நடத்தியவர்கள். அவர்கள் போன பிறகு இரங்கல் செய்தியில் ‘ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். முதலில் வேலை பார்த்த பள்ளி எது, சம்பளம் எவ்வளவு, யார் படிக்க வைத்தார்கள், யார் தடுத்தார்கள், மறக்க முடியாத மாணவர் யார்? சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். வீட்டுப் பத்திரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அந்த நோட்டுக்கும் கொடுங்கள்.