புளி போட்டுத் தேய்த்த இரட்டைக் காளை

"மாப்ள, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்க?" என்று யாராவது போனில் கேட்டால் உஷாராகிவிட வேண்டும். கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் தூக்கவோ, பெண் பார்க்கப் போகும்போது கூட்டம் காட்டவோ ஆள் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அதிலும் என்னைப்போல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாரத்தில் ஏழு நாளும் ஞாயிறு என்பது என் நண்பர்களின் திடமான அபிப்பிராயம்.

இந்த முறை வந்த அழைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. "சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் மெட்டல் டிடெக்டர் கொண்டாந்திருக்கான். நம்ம தோட்டத்துல போட்டுப் பாப்போம். வா!"

நண்பனுக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் போனால் தாமரைக் குளமும் ஆலமரமும் கருப்பசாமி கோயிலுமாக ஒரு மலையடிவாரம் வருமே, அதுதான். மேலே சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தீர்த்தங்கரர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் ஒரு அரை மணி நேரம் ஸீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

"மலைப்பக்கம் மிஷினைத் தூக்கிட்டுப் போயிடாதடா" என்று முதலிலேயே எச்சரித்தேன். மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே குழி பறித்தால் நம்மைக் குழியில் தள்ளிவிடுவார்கள். தவிர, 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய்! அன்றைக்கு அது ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளமாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கு டீயோடு வடை சேர்த்தாலே சட்டத்தை மீறிவிடுவோம்.

மலையிலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தது தோட்டம். மிஷின், துடைப்பக்கட்டையின் நுனியில் தோசைக்கல்லைக் கட்டியது மாதிரி இருந்தது. அந்தத் தோசைக்கல்லுக்குள் கம்பிச்சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது தரைக்குள் ஒரு காந்தப்புலம் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள்ளும் ஒரு சின்ன மின்னோட்டம் சுழல ஆரம்பிக்கிறது. அந்தச் சலனத்தை மிஷின் மோப்பம் பிடித்து 'கீங்' என்கிறது. பி.காம் படித்தவனுக்கே புரிந்துவிட்டதால் உங்களுக்கும் புரிந்திருக்கும்.

மூன்று மணி நேர வேட்டையின் ஐந்தொகை இதுதான். வரவு: சோடா மூடி பதினொன்று, குவார்ட்டர் பாட்டில் மூடி ஏழு, சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள் எண்ணவில்லை, உடைந்த ஏர்க்கொழு ஒன்று, அலுமினிய இருபது பைசா ஒன்று. செலவு: முதுகு. 'இந்தத் தோட்டத்தில் உழுதார்களா, குடித்தார்களா?' என்று நான் கேட்டதற்கு நண்பன் பதில் சொல்லவில்லை.

கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் 'கீங்'. அரையடி தோண்டியதும் மண் அப்பிய ஒரு வில்லை வந்தது. பின்பக்கம் கோணலாக ஒரு ஊசி. தட்டிப் பார்த்தால் நுகத்தடியில் பூட்டிய இரண்டு காளைகள்! அந்தக் காலத்துக் காங்கிரஸ் பேட்ஜ். பித்தளை. ஓரத்தில் மூவர்ணச் சாயம் லேசாகத் தெரிந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிணற்றடியில் இருந்த புளியையும் தேங்காய் நாரையும் எடுத்துக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்து எடுத்துவிட்டேன். பேட்ஜ் தகதகவென்று ஜொலித்தது. மூவர்ணம் புளித்தண்ணீரோடு போயே போய்விட்டது.

பெருமையாகப் படம் எடுத்து, பழைய நாணயம் சேர்க்கிற ஒரு சிநேகிதருக்கு அனுப்பினேன். உடனே போன். "யோவ், உனக்கெல்லாம் அறிவிருக்காய்யா?" என்பதுதான் முதல் வாக்கியம். அப்புறம் வகுப்பே எடுத்தார். பித்தளை மேல் காலம் பூசிய நிறம்தான் அதன் வயசு; அதைச் சுரண்டக் கூடாது. மண் போகவேண்டுமானால் காய்ச்சி வடித்த நீர், மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான். ஒற்றித் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். விரல் வியர்வையில் உப்பு இருப்பதால் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தகரத்தில் படம் அச்சடித்த பேட்ஜாக இருந்தால் தண்ணீரே காட்டக்கூடாது. விளிம்பு மடிப்புக்குள் ஈரம் இறங்கி உள்ளேயிருந்து துரு கிளம்பும். பி.வி.சி. உறையில் போட்டால் நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே 'சாப்பிடாதே' என்று எழுதிய சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

"அமெரிக்காவில இதுக்குன்னே பைத்தியம் பிடிச்சு அலையறாங்க, தெரியுமா?" என்றார். அங்கே 1789-ல் வாஷிங்டன் பதவியேற்றபோதே சட்டைப் பொத்தானில் அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து மாட்டிக்கொண்டார்களாம். லிங்கன் நின்ற 1860 தேர்தலில் பேட்ஜில் போட்டோவே வந்துவிட்டது. 1896-ல் செல்லுலாய்ட் பேட்ஜ் வந்ததும் ஊரெல்லாம் நெஞ்சு நிறையக் குத்திக்கொண்டார்கள். வயலில் அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் தங்கம் கிடைத்த மாதிரி குதிக்கிறார்களாம்.

நம் ஊரில் சின்னத்தைப் பார்த்தே ஜாதகம் கணித்துவிடலாம். இரட்டைக் காளை என்றால் 1969-ல் காங்கிரஸ் உடைவதற்கு முந்தையது. 1971 தேர்தலில் இந்திராவுக்குப் பசுவும் கன்றும், காமராஜர் பக்கம் ராட்டை சுற்றும் பெண். இரட்டை இலை என்றால் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்குப் பிந்தையது. சேவலும் இரட்டைப் புறாவும் 1989-ல் வந்த வேகத்தில் போனவை.

பேட்ஜை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். திண்ணையில் நண்பனின் சின்னத் தாத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயசு. "ரேகைச் சட்டம் போன வருசம் பொறந்தவன்" என்றுதான் தன் வயசைச் சொல்வார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காகவே ஆண்களின் கைரேகையைப் பதிந்து, ராத்திரியானால் சாவடியில் வந்து படுக்க வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம், மதுரைப் பக்கத்தில் முதலில் பாய்ந்த ஊர் இந்தக் கீழக்குயில்குடிதான். அதை எதிர்த்துக் கோர்ட்டில் வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் சொல்கிறார்கள். 1947-ல்தான் சட்டம் ஒழிந்தது.

"ஐயா, தோட்டத்துல கிடைச்சது" என்று நீட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "புதுசா இருக்கே. கடையில வாங்குனியா?" என்று திருப்பினார். ஊசியைத் தடவியவர் வெற்றிலை உரலைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஊசியக் கோணலாக்குனது நாந்தேன்" என்றார்.

1967 பிப்ரவரி. தேர்தல் முடிவு வந்த ராத்திரி. காமராஜரே விருதுநகரில் தோற்றுப்போனார். ஊரில் வேட்டுச் சத்தம். தம்பிக்குப் பத்தொன்பது வயசு. அப்போது இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு. "எனக்கு ஓட்டே இல்ல. ஆனா இந்தி எதிர்ப்புல அடி வாங்குன முதுகு இருந்துச்சு" என்றார். 1965 ஜனவரி 25-ம் தேதி மதுரையில் கலவரம் வெடித்தபோது அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி வரப்போகிற சந்தோஷம் வேறு. அண்ணன், அதாவது நண்பனின் தாத்தா, வாடிய முகத்தோடு வாசலுக்கு வந்தார். நெஞ்சில் இந்த பேட்ஜ்.

"இன்னும் என்னத்துக்கு இதக் குத்திக்கிட்டுத் திரியுறீக? தோத்தாச்சுல்லனு ஒரே இழுப்பு. சட்டையோட கிழிஞ்சு வந்துருச்சு. தோட்டத்துப் பக்கம் வீசிட்டேன்."

அண்ணன் அடிக்கவில்லை. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர் விடிய விடியத் தேடினாராம்.

"ஏன் தாத்தா, ஒரு பேட்ஜுக்குப் போயி?" என்றான் நண்பன்.

"எனக்கும் அப்ப வெளங்கல அப்பு. 1952 எலெக்சன்ல கட்சிக்கொரு பொட்டி. பொட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். எங்க அய்யா எழுதப் படிக்கத் தெரியாதவர். வருசக்கணக்கா ராத்திரி சாவடியில படுத்து எந்திரிச்ச மனுசன். கூப்பிட்டா மறுபடியும் ரேகை வைக்கத்தேன்னு பயந்துக்கிட்டு வரவே மாட்டேன்னுட்டாராம். அண்ணன்தேன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, 'இந்தக் காளை போட்ட பொட்டிய்யா, ரேகையத் தூக்குன கட்சி'ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. அண்ணனுக்கே அப்ப பதினேழு வயசுதேன். ரேகையத் தூக்குனது காங்கிரஸ் மட்டுமா, தேவரும் ஜீவாவும் போராடலையான்னு நானும் கச்சி கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அவரு கட்சிக்காக அதக் குத்தல. அய்யா ஓட்டுப் போட்டதுக்காகக் குத்தியிருந்தாரு. இதெல்லாம் அவரு செத்ததுக்குப் பெறகு மதினி சொல்லித்தேன் எனக்குத் தெரியும்."

அண்ணன் இறந்தது 1985-ல். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே வாசலில், நேருக்கு நேர் பேச்சு கிடையாது. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று மதினி வழியாகத் தபால் போகும். "சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்று பதில் தபால் திரும்பும்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "ஐயா, இதுல மூவர்ணம் இருந்துச்சு. நான்தான் புளியைப் போட்டுத் தேய்ச்சு..."

"அதுக்கென்ன தம்பி, எனக்கு அந்த வர்ணம் ஞாபகமிருக்கு" என்றபடி பேட்ஜை வெற்றிலைப் பெட்டிக்குள், சுண்ணாம்பு டப்பிக்குப் பக்கத்தில் வைக்கப் போனார்.

நான் பதறினேன். "ஐயோ, சுண்ணாம்பு பட்டா கெட்டுப் போகும் ஐயா! சிலிக்கா ஜெல்னு ஒண்ணு..."

"கெட்டுப் போகுமா?"

"ஆமாங்கய்யா."

கொஞ்ச நேரம் யோசித்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அதையும் எடுத்து என் நண்பனிடம் நீட்டி, "ஒங்க தாத்தன் போட்டோ ஆணியில மாட்டு. எனக்குக் கை எட்டாது" என்றார்.

கோணல் ஊசி ஆணியில் நிற்கவில்லை. அதை நிமிர்த்தலாமா என்று நண்பன் கேட்டான். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.