தேட முடியாத வெளிப்படைத்தன்மை

மகாராஷ்டிர சட்டப்பேரவைத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்ட 2024 நவம்பர் 23 அன்று, மும்பையின் கிழக்கு ஓரத்தில் உள்ள அணுசக்தி நகர் தொகுதியின் முடிவு சர்ச்சையில் முடிந்தது. தேசியவாத காங்கிரஸ் வேட்பாளர் சனா மாலிக், அக்கட்சியின் சரத் பவார் பிரிவு வேட்பாளர் ஃபகத் அகமதை 3,378 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். முன்னிலையில் இருந்த தாம், 99 சதவீத மின்கல இருப்பைக் காட்டிய வாக்குப்பதிவு இயந்திரங்கள் பிற்பகுதிச் சுற்றுகளில் திறக்கப்பட்ட பின்பே பின்தங்கியதாகத் தோற்றவர் குற்றம் சாட்டினார். ஹரியாணா தேர்தலில் இதே புகார் எழுந்தபோது, மின்கலத்தின் அளவுக்கும் பதிவான வாக்குகளுக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் தேர்தல் ஆணையம் விளக்கம் அளித்திருந்தது.

இவ்விரு தரப்பில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. தன் வாக்குச்சாவடியில் எத்தனை வாக்குகள் பதிவாயின, அதே இயந்திரத்திலிருந்து எத்தனை வாக்குகள் எண்ணப்பட்டன, முந்தைய தேர்தலில் அங்கு நிலவரம் என்ன, பக்கத்துச் சாவடியில் என்ன என்று அத்தொகுதியின் வாக்காளர் ஒருவர் அன்று மாலையே ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி எதுவும் இருக்கவில்லை. அப்படி ஒப்பிடுவதால் இயந்திரத்துக்குள் நடப்பது தெரிந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால், சந்தேகம் வலுவானதா, வெற்றுக் கூச்சலா என்பதைப் பெருமளவுக்குப் பிரித்துக் காட்டியிருக்கும். வதந்திக்கும் மறுப்புக்கும் இடையே வாக்காளர் வெறும் பார்வையாளராக நிற்க நேர்ந்திருக்காது.

இதற்கான ஆவணங்கள் இல்லாமல் இல்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் படிவம் 17-சி நிரப்பப்பட்டு, அதன் நகல் வேட்பாளர்களின் முகவர்களுக்குத் தரப்படுகிறது. எண்ணிக்கை முடிந்த பின் சாவடிவாரியான முடிவுகள் படிவம் 20-ல் தொகுக்கப்பட்டு, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளின் இணையதளங்களில் வெளியாகின்றன. முதல் படிவம் பொதுமக்களுக்கு இல்லை. இரண்டாவது படிவம் உண்டு. ஆனால் பெரும்பாலும் தாளைப் படமெடுத்துப் போட்ட வடிவில். மனிதக் கண்ணுக்கு அது எண். கணினிக்கு வெறும் கறை. ஒரு தொகுதிக்குச் சில நூறு சாவடிகள். அவற்றின் எண்களைத் தட்டச்சு செய்து அட்டவணையாக்கும் வேலையை ஆய்வு மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவு பகலாகச் செய்கிறார்கள். அரசின் கணினியில் ஏற்கெனவே அட்டவணையாக இருந்த ஒன்றை அச்சிட்டு, கையெழுத்திட்டு, படம் எடுத்து, பிறகு ஊரார் மீண்டும் அட்டவணையாக்கும் இந்த விந்தை வேறு எந்த நாட்டில் நடக்குமோ தெரியவில்லை.

படிவம் 17-சி விவரங்களைச் சாவடிவாரியாக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை 2024 மக்களவைத் தேர்தலின் நடுவே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேர்தல் நடந்துகொண்டிருக்கும் வேளை என்பதால் மே 24 அன்று இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று மத்திய அரசு தேர்தல் நடத்தை விதிகளில் 93-வது விதியைத் திருத்தியது. தேர்தல் தொடர்பான "மற்ற எல்லா ஆவணங்களும்" மக்கள் பார்வைக்கு உரியவை என்றிருந்தது, இந்த விதிகளில் குறிப்பிடப்பட்ட ஆவணங்கள் மட்டுமே என்று சுருங்கிற்று. கண்காணிப்பு கேமரா பதிவுகள் இவ்வாறு கைக்கு எட்டாமல் போயின. ஹரியாணா தேர்தல் பதிவுகளை ஒரு வழக்கறிஞருக்குத் தருமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட சில நாள்களில் இந்தத் திருத்தம் வந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

தகவலை மக்கள் கையில் ஒரு கருவியாக்கும் முயற்சிக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த வரவேற்பு எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், வேட்பாளர்களின் குற்ற வழக்குகளையும் சொத்துகளையும் கல்வித் தகுதியையும் வாக்காளர் அறிய வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. அணுகுண்டு முதல் வெங்காய விலை வரை எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள், இந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்வதில் மட்டும் ஓரணியில் நின்றன. அவசரச் சட்டம் தயாரானது. அதைத் திருப்பி அனுப்பியவர், அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அமைச்சரவை மறுபடியும் அனுப்பியபோது அரசியல் சாசனப்படி அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. பின்னர் சட்டமாகவும் ஆன அந்தத் தடையை 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது.

அன்று முதல் ஒவ்வொரு வேட்பாளரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார். ஆனால், கையால் எழுதப்பட்டு, மங்கலாகப் படமெடுக்கப்பட்ட பல பக்கத் தாள்களை எந்த வாக்காளர் புரட்டப்போகிறார்? அச்சங்கத்தின் 'மைநேதா' இணையதளம் அந்தத் தாள்களை எண்களாக மாற்றிய பிறகுதான், அணுசக்தி நகரில் ஆனாலும் ஆண்டிபட்டியில் ஆனாலும், போட்டியிடுபவர்களின் சொத்தையும் வழக்குகளையும் கைப்பேசியில் பார்ப்பது சாதாரண விஷயமானது. சட்டம் தந்தது தாளை. அதைப் பயன்படும் பொருளாக்கியது அந்தக் கருவி.

தேர்தல் பத்திர விவகாரம் இதையே இன்னும் கூர்மையாகக் காட்டியது. 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விவரங்களை வெளியிட உத்தரவிட்டது. மார்ச் 14 அன்று இரு பட்டியல்கள் வந்தன. ஒன்றில் வாங்கியவர்கள், மற்றொன்றில் பணமாக்கிய கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் விடையில்லை. பத்திரங்களின் தனி எண்களையும் பாரத ஸ்டேட் வங்கி தந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பிறகு, மார்ச் 21 அன்று அவை வெளியாயின. அடுத்த சில மணி நேரத்தில், கணினி அட்டவணை கையாளத் தெரிந்த இளைஞர்களெல்லாம் இரு பட்டியல்களையும் பொருத்தி, எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று ஊருக்கே காட்டிவிட்டார்கள். ஒரே ஓர் எண் வரிசை இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

பிகாரில் 2025-ல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, வரைவுப் பட்டியலில் இடம்பெறாத சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வசதியோடு இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. இத்தனைக்கும், கணினியில் தேடத்தக்க வடிவில் பட்டியல் வேண்டும் என்று 2018-ல் காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏழு ஆண்டுகளில் நீதிமன்றத்தின் எண்ணம் இவ்வளவு நகர்ந்திருக்கிறது. ஆணையம் நகரவில்லை.

அரசு எதையும் வெளியிடவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்று 2005-லேயே சொல்லிவிட்டது. 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. அதையொட்டி அரசின் பொதுத் தரவுத் தளமும் வந்தது. பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கும் தமிழக மக்களுக்கு இதன் பயனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் தொடங்கிய ராஜஸ்தானின் 'ஜன் சூச்னா' தளம் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த ரேஷன் கடையில் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு தானியம் வழங்கியதாகக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, ஓய்வூதியம் யாருக்குப் போகிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே பார்க்கலாம். தன் பெயரில் எழுதப்பட்ட கோதுமை தன் வீட்டுக்கு வந்ததா என்று ஒரு மூதாட்டி கேட்க முடிகிறது என்றால், அங்கே பெயர் இருப்பதால்தான் முடிகிறது.

அந்தப் பெயர்களுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில், மணிப்பூர் பிரச்னையில் அமளி நிலவிய கூட்டத்தொடரில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றி எழுதியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அந்தரங்கத் தகவலை மட்டுமே மறுக்க முடியும். இப்போது தனிநபர் தகவல் என்ற ஒரு சொல்லே மறுப்பதற்குப் போதும். நாடாளுமன்றத்துக்கோ சட்டப்பேரவைக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்று பழைய பிரிவோடு ஒரு வாசகம் இருந்தது. உறுப்பினரையும் அவரைத் தேர்ந்தெடுத்தவரையும் ஒரே தட்டில் வைத்த வாசகம் அது. அதுவும் போய்விட்டது. அவையில் அன்று இருந்த உறுப்பினர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்கள் என்பது சந்தேகமே.

பொதுநலன் மிகுந்தால் 8(2) பிரிவின்படி இன்னமும் தகவல் தரலாம் என்பது மத்திய அரசின் பதில். அந்தப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால், பொதுநலன் எது என்று தீர்மானிப்பவர் கோப்பை வைத்திருக்கும் அதிகாரி. தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் மருத்துவக் குறிப்பையும் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதற்காக, அரசுப் பணத்தில் பயன் பெற்றவர் பட்டியலையும் ஒப்பந்தக்காரர் பெயரையும் சேர்த்து மூட வேண்டுமா?

ஏழைகளுக்குப் பட்டியல் என்றால் என்ன என்பதை அணுசக்தி நகர் தொகுதியே சொல்லும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்பால் பெயர் பெற்ற இத்தொகுதியில்தான் சீத்தா கேம்ப்பும் இருக்கிறது. மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி, நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பிறகு, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976 மே மாதம் இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். அப்போராட்டத்தை நடத்திய, கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது ஒன்றைத்தான்: அரசு நம்மை எண்ணுவதற்கு முன் நாமே நம்மை எண்ணிக்கொள்ள வேண்டும். நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 1985-ல், 'ஸ்பார்க்' அமைப்பு மும்பையின் நடைபாதைக் குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து வெளியிட்டது. அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு பின்னர் அதனுடன் கைகோத்தது. கணினியும் செயலியும் இல்லாத காலத்துப் பொதுத் தரவு அது. 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் பெற்ற அவர், 2018-ல் காலமானார்.

மும்பையில் குடிசை வீட்டுக்கு மாற்று வீடு கிடைப்பதும் கிடைக்காததும் இன்றுவரை ஒரு தேதியையும் ஒரு தாளையும் பொறுத்தது. 1976 கணக்கெடுப்பின் போட்டோ பாஸ், பிறகு 1995 ஜனவரி 1, அதன் பிறகு 2000 ஜனவரி 1 என்று தகுதித் தேதிகள் மாறி வந்தன. அந்தத் தேதிக்கு முன் அங்கே வாழ்ந்ததற்குப் பழைய வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரே பலருக்கும் முதன்மைச் சான்று. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் தொடங்கிய வீடுவீடான கணக்கெடுப்பிலும் இதே கேள்விதான். பக்கத்து வீட்டுக்காரர் தகுதி பெற்று நான் பெறாதது ஏன் என்று கேட்கப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் பட்டியலில் தெரிய வேண்டும். அதைத் தனிநபர் தகவல் என்று மறைத்தால் பாதுகாக்கப்படுவது யார்?

எண்கள் வெளிவந்தாலும் எந்த அளவில் வெளிவருகின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2009-ல் வெளியான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை, நகரின் 24 வார்டுகளில் அணுசக்தி நகரை உள்ளடக்கிய எம்-கிழக்கு வார்டுக்கே மிகக் குறைந்த குறியீட்டை, 0.05 என்று தந்தது. விஞ்ஞானிகளின் குடியிருப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்த பிறகும் இந்த நிலை. குடியிருப்பை விலக்கிவிட்டு குடிசைப் பகுதிகளை மட்டும் பார்த்தால் என்ன என்பதை வார்டு அளவிலான எண் சொல்லாது. மாநகராட்சி வார்டு ஒன்று, சட்டப்பேரவைத் தொகுதி வேறொன்று, காவல் நிலைய எல்லை இன்னொன்று என்றிருக்கும் நகரத்தில், ஒரே வரைபடத்தில் இவற்றைப் பொருத்திக் காட்டும் கருவி இல்லாமல் எவரும் தம் உறுப்பினரைக் கேள்வி கேட்க முடியாது. 'பிரஜா' அறக்கட்டளை தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே மாநகராட்சிப் புகார் விவரங்களைப் பெற்று ஆண்டுதோறும் வெளியிடுவதால்தான், 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினர்களே இல்லாதிருந்த மாநகராட்சியின் செயல்பாடு ஓரளவேனும் தெரிந்தது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. 8(1)(ஜெ) பிரிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் திருத்தத்தை எதிர்க்கட்சிகள், அறிக்கைகளில் அல்ல, அவையில் முன்வைக்கட்டும். ஆளும் கூட்டணியின் மாநிலக் கட்சிகளும் தங்கள் நிலையைச் சொல்லட்டும். 93-வது விதித் திருத்தத்தை அவையின் துணைநிலைச் சட்டங்கள் குழு ஆராயட்டும். படிவம் 17-சி, படிவம் 20 இரண்டையும் படமாக அல்லாமல் அட்டவணையாக, எண்ணிக்கை முடிந்த நாளிலேயே வெளியிடுவதற்குத் தேர்தல் ஆணையம் நாடாளுமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.