“ஓடினாத்தானே ஒயில் பழுதாகும்?”

மாத்தளைப் பக்கம் பலாபத்வல சந்தியில் கார் வைத்திருக்கும் பாதிப் பேர் இந்த வாசகத்தை மந்திரம் போலச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன எனக்கு, அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் அதை முழுநீளச் சொற்பொழிவாகவே கேட்கும் பாக்கியம் கிடைத்தது. பேசியவர் சொன்னதன் சாரம் இது: கார் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கடை, கடையிலிருந்து வீடு. மீற்றர் ஏறவே இல்லை. ஆகவே ஒயில் மாற்றி மூன்று வருடம் ஆகியும் கவலை இல்லை. “குட்டி ஓட்டம் ஒயிலைக் கெடுக்கும்ங்கிறது ஐஸ் கொட்டுற நாட்டுக்காரன் கதை. நமக்கு என்னத்துக்கு?” என்று அவர் முடித்தபோது நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் கராஜ் நடத்துபவர். அவரும் ஆட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாத்தளையில் ஐஸ் கொட்டாது. இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். ஆனால் குளிரென்று நாம் சொல்வது நம் தோலுக்குப் படும் குளிரை. எஞ்சினுக்கு வேண்டிய சூடு 90 பாகையை ஒட்டியது. தை மாத விடியலில், வெளியே 20 பாகை இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் அது 70 பாகை கீழே நிற்கிறது. ரொறன்ரோவில் நம் சொந்தக்காரர் வீட்டு வாசலில், பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் நிற்கும் கார் 100 பாகை கீழே நிற்கிறது. அவர்களுக்கு 100, நமக்கு 70. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, நோய் அவர்களுக்கு மட்டும்தான் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சூடேறாத எஞ்சினில் பெற்றோல் ஒழுங்காக ஆவியாகாது. அதை ஈடுகட்ட எஞ்சின் தேவைக்கு மேலாகவே பெற்றோலைத் தெளிக்கிறது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங்குகளைத் தாண்டி, கீழே ஒயிலில் போய்ச் சேர்கிறது. எரிந்த பெற்றோலும் சும்மா போவதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். காலையில் சைலன்சரில் சொட்டும் தண்ணீர் அதுதான். அதைக் காட்டி “எஞ்சின் நல்ல கொண்டிஷன்” என்று பெருமைப்படுபவர்களும் நம்மிடையே உண்டு. அந்த நீராவியில் ஒரு பங்கு ரிங்குகளின் வழியே நழுவி உள்ளே போய், குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகிறது. எரிந்த வாயுவிலிருந்து வரும் அமிலமும் கூடவே போகும். ஒயில் நன்றாகச் சூடானால் பெற்றோலும் தண்ணீரும் மறுபடி ஆவியாகி, அதற்கென்றே வைத்த குழாய் வழியே இழுபட்டு எரிந்துவிடும். வெயில் நாட்டில் பெற்றோல் தானாகவே ஆவியாகிவிடும் என்பவர்களுக்கு இதுதான் பதில்: ஆகும், ஒயில் சூடானால். டாஷ்போர்டில் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்றால், அந்த முள் காட்டுவது ரேடியேற்றர் தண்ணீரின் சூட்டை. ஒயில் அதற்கு வெகுநேரம் பின்னால்தான் சூடேறும். மூன்று கிலோமீற்றர்ப் பள்ளிக்கூட ஓட்டத்தில் ஒயில் சூடாக நேரமே இல்லை.

அப்படியானால் கார் செய்தவன் சொல்லியிருக்க மாட்டானா என்று கேட்பார்கள். சொல்லியிருக்கிறான். புத்தகம் காரிலேயே இருக்கிறது. ஜப்பானிலிருந்து இறங்கிய காரின் டாஷ்போர்ட் பெட்டியில், ஜப்பான் மொழியில், பிரிக்காத உறையோடு. டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்கு டொயோட்டா ஜப்பானில் சொல்லும் கணக்கு இது: சாதாரணப் பாவனைக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், கடும் பாவனைக்கு 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அது. கடும் பாவனை என்றால் என்ன? கரடுமுரடான வீதி, மலை ஏற்ற இறக்கம், ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றரோ அதற்குக் குறைவோ ஆன ஓட்டம் திரும்பத் திரும்ப. மாத்தளை மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய் எழுதியது மாதிரி இல்லையா? அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கான புத்தகத்தில்தான் குட்டி ஓட்டத்தோடு “உறைநிலைக்குக் கீழே” என்ற நிபந்தனையும் சேர்ந்து வருகிறது. நம்மவர்கள் எடுத்துக்காட்டுவது அந்த அமெரிக்க வரியை. காரணம் வேறொன்றுமில்லை, அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

இனி எனக்குப் பிடித்தமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் குளிர் எஞ்சின் கிடையாது என்கிறார்களே, அதை நாமே நம் கையால் செய்து வைத்திருக்கிறோம். கார் ஒருமுறை கொதித்தால் போதும், கராஜில் பாஸ் முதலில் கை வைப்பது தெர்மோஸ்டாட் வால்வில். “இது குளிர் நாட்டுச் சாமான் சேர், நம்ம வெதருக்குத் தேவையில்ல” என்று கழற்றி எறிந்துவிட்டு, மூடியை மறுபடி பூட்டிவிடுவார். ரேடியேற்றர் அடைபட்டதா, ஃபேன் சுற்றவில்லையா, ஹோஸ் ஒழுகுகிறதா என்ற கேள்விகள் அதோடு முடிந்தன. சொந்தக்காரருக்கும் மகிழ்ச்சி, முள் இனிமேல் நடுவுக்கே வருவதில்லை.

அந்த வால்வின் வேலை என்ன? எஞ்சின் ஏறக்குறைய 80, 90 பாகை சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றர் பக்கம் போகவிடாமல் அடைத்துவைப்பது. சீக்கிரம் சூடேறட்டும் என்பதற்காகவே வைத்த கதவு. அதைக் கழற்றினால் ஸ்டார்ட் செய்த கணத்திலிருந்து தண்ணீர் ரேடியேற்றரில் ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். பலாபத்வலையிலிருந்து மாத்தளை டவுனுக்குப் போய்ச் சேரும் வரைக்கும்கூட எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. புதிய கார்களில் இன்னொரு கூத்து உண்டு. எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று அதன் கொம்பியூட்டர் நம்பி, பெற்றோலைக் கூடுதலாகவே தெளித்துக்கொண்டிருக்கும். கனடாவில் பனிக்காலத்தில் மட்டும் நடப்பதை நாம் பன்னிரண்டு மாதமும் நடத்துகிறோம். நடத்திவிட்டு, “நமக்குக் குளிர் கிடையாது” என்கிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1930களிலேயே பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் சிலிண்டர் ஏன் தேய்கிறது என்று சோதித்துப் பார்த்தார். சுவர் குளிராக இருக்கும்போது எரிந்த வாயுவின் ஈரமும் அமிலமும் அதில் படிந்து அரிப்பதால் தேய்மானம் வெகுவாகக் கூடுகிறது என்று கண்டார். அவர் பேசியது சிலிண்டர்ச் சுவரின் சூட்டைப் பற்றி. வெளியே பனி விழுகிறதா, வெயில் எரிக்கிறதா என்பது சுவருக்குத் தெரியாது. தொண்ணூறு வருடப் பழைய இந்தச் செய்தி நம் கராஜ்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒயில் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் வெண்ணெய் போல ஒன்று அப்பியிருக்கும். ஒயிலும் தண்ணீரும் கலந்து கடைந்த அதைத் துணியால் துடைத்துவிட்டு மூடிவிடுவதுதான் வழக்கமான வைத்தியம்.

கிலோமீற்றர் வாதத்துக்குப் பதில் சொல்ல, பெற்றோல் தட்டுப்பாட்டு வருடமான 2022 ஒன்றே போதும். அந்த ஓகஸ்டில் கியூஆர் முறையில் கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், திரீவீலுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. கார்கள் வாசலில் நின்றன, எடுத்தால் ஷெட் வரைக்கும். அதற்கு முந்திய மாதங்களில் வரிசையில் அடி அடியாக நகர்த்த ஸ்டார்ட், ஓஃப், மறுபடி ஸ்டார்ட். மீற்றரில் ஒரு கிலோமீற்றர்கூட ஏறியிருக்காது. அந்த வருடத்தை ஓடாத வருடமென்று கணக்குப் போட்டு, ஒயிலை அடுத்த வருடத்துக்கும் தள்ளிவைத்தவர்கள் எத்தனை பேர்! 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரைப் பொன் போலக் காக்க வேண்டும் என்று பேசியவர்களும் இவர்களேதான்.

ஹைபிரிட்காரர்களின் கணக்கு இதைவிட அழகு. “எஞ்சின் பாதி நேரம் ஓடவே ஓடாது, அப்ப ஒயில் ரெண்டு மடங்கு நாள் வரும்” என்கிறார்கள். பாதி நேரம் ஓடாத எஞ்சின் பாதி நேரம் ஆறிக்கொண்டும் இருக்கிறது. அக்வா இறக்கத்திலும் சிக்னலிலும், வேகன் ஆர் சிக்னலிலும் எஞ்சினை நிறுத்தி நிறுத்தி எழுப்பும் வண்டிகள். குட்டி ஓட்டத்தில் அவற்றின் ஒயில் சூடாவது இன்னும் கடினம்.

“டிப்ஸ்டிக்கில பாருங்க, ஒரு சொட்டுக் குறையல” என்பது அடுத்த வாதம். குறையாததுதான் சில வேளை கெட்ட செய்தி. 2018இல் சீனாவில் ஹொண்டாவின் 1.5 லீற்றர் டர்போ எஞ்சின் போட்ட கார்களில் ஒயில் மட்டம் குறையாமல் உயர்ந்தது. முகர்ந்தால் பெற்றோல் நெடி. மூன்றரை லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ஹொண்டாவின் திட்டத்தை அந்நாட்டுத் தரக் கண்காணிப்பு அமைப்பு ஏற்க மறுத்தது. மார்ச்சில் புதிய சிஆர்வி விற்பனையே நின்றது. அடுத்த வருடம் அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் அந்த எஞ்சினுக்கு உத்தரவாதத்தை ஆறு வருடமாக நீட்ட வேண்டியதாயிற்று. அவையெல்லாம் குளிர்ப் பிரதேசங்கள்தானே என்று எழும்ப வேண்டாம். டிப்ஸ்டிக்கின் லட்சணத்தைக் காட்டத்தான் இதைச் சொன்னேன். கொஞ்சம் ஒயில் எரிந்து, அதே அளவு பெற்றோல் உள்ளே வந்தால் கோடு அசையாது. மட்டம் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது தண்ணிப் பதமாகிவிட்ட வேறு ஒன்று.

ஒயில் இன்னும் கறுக்கவில்லையாம். தண்ணீரும் பெற்றோலும் கறுப்பு நிறம் என்று யார் சொன்னது?

விலை கூடிய சிந்தெற்றிக் போட்டிருக்கிறாராம். நல்லது, பெற்றோல் கலப்பது விலை கூடிய ஒயிலில்.

திரீவீல் உதாரணத்தைக் கொஞ்சம் மதிக்கலாம். சந்தி ஸ்டான்டில் நிற்பவை நாள் முழுக்கக் குட்டி ஹயர்தான் ஓடுகின்றன, அவற்றின் எஞ்சின் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். காலை முதல் ஹயரில் சூடான எஞ்சின் அடுத்த ஹயருக்கு முன் முழுதாக ஆறுவதில்லை. அவர்கள் ஓட்டம் குட்டி, சூடு பெரிது. அதோடு ஸ்டான்ட் பையன்கள் இந்தக் கார்ச் சீமான்களைப் போல மூன்று வருடம் ஒயிலைப் பழுக்க வைப்பதும் இல்லை.

கடைசியாக ஒரு சமாளிப்பு: “காலைல பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிடுவேன், எஞ்சின் சூடாகிடும்.” வேலை இல்லாமல் சும்மா ஓடும் எஞ்சின் மிக மெதுவாகச் சூடேறும். அந்தப் பத்து நிமிடமும் அது பெற்றோலைக் கூடுதலாகக் குடித்து, ஒயிலுக்கும் பங்கு கொடுத்துக்கொண்டிருக்கும். எந்த நோய்க்கு மருந்தென்று செய்கிறாரோ, அந்த நோய்க்கே ஊட்டச்சத்து. அந்தப் பெற்றோலைச் சேர்த்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை நாலந்த கடந்து, நாவுல தாண்டி, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வரைக்கும் போய் ஒரு சாக்கு மரக்கறி ஏற்றி வரலாம். போகுமுன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாஸிடம் கேட்டுவிட்டுப் போகவும்.