குரலும் பெயரும்

ஊர்ப் பெரியவர்களை அணுகி, அவர்தம் அனுபவங்களை ஒலிப்பதிவு செய்து, படம்பிடித்து, ஆவணமாக்கும் முயற்சிகள் அண்மைக்காலத்தில் எம்மிடையே பெருகிவருகின்றன. அரசர் வரிசையும் அரசாங்க வர்த்தமானியுமே சரித்திரம் என்றிருந்த நிலை மாறி, கரைவலை இழுப்பவரும் கொழுந்து பறிப்பவரும் சரித்திரத்துக்குச் சாட்சி கூற அழைக்கப்படுவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயின், சாட்சி கூறியவரின் கையில் இறுதியில் எஞ்சுவது யாது என்னும் வினாவை எமது கல்வியுலகமும் இலக்கிய வட்டங்களும் போதிய அளவு எழுப்பவில்லை என்றே கருதுகிறோம்.

இத்துறையில் முன்சென்றோருள் அயர்லாந்து மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அங்கு 1935ஆம் ஆண்டிலே நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு நிறுவப்பட்டது. 1937 முதல் 1939இன் தொடக்கம் வரை, 26 மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளில், மேல்வகுப்புப் பிள்ளைகள் வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாக வேறொரு பணியில் ஈடுபட்டனர். வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோரிடம் சென்று, கைமருந்து, புனிதக் கிணறு, பேய்க்கதை, பெரும்பஞ்ச காலத்து நினைவு ஆகியவற்றைக் கேட்டுத் தம் கொப்பிகளில் எழுதிவந்தனர். சொன்னவர் இன்னார், இன்ன ஊரார் என்பதையும் குறித்துக்கொண்டனர். இவ்வாறு திரண்டவை ஏறத்தாழ 740,000 பக்கங்கள்! இன்று அவை கணினி வழியே எவரும் காணக் கிடைக்கின்றன. தன் பாட்டி சொன்ன கதையைத் தன் தாயின் பிள்ளைப் பருவக் கையெழுத்திலே ஒருவர் தேடிப் படிக்கலாம். ஆவணம் ஊருக்கு மீளுதல் என்பது இதுவே.

அதே ஆணைக்குழுவின் முழுநேரச் சேகரிப்பாளர்கள், மெழுகு உருளையிற் குரலைப் பதியும் எடிபோன் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகத் திரிந்தனர். பதிந்ததை எழுத்திற் பெயர்த்த பின்னர், அவ்வுருளைகளிற் பெரும்பாலானவை மேற்பரப்புச் சீவப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்பட்டன. பணமுடைதான் காரணம், அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. சொற்கள் எஞ்சின, குரல் போயிற்று. குரல் போனால் என்ன போகும் என்று வினவுவோர், மட்டக்களப்புத் தாயொருத்தி 'மனே' என்று அழைப்பதை ஒருமுறை கேட்டுவிட்டு, அதையே அச்சிற் படித்துப் பார்க்கட்டும். வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்கள் 1964இல் 'மட்டக்களப்புத் தமிழக'த்தைத் தந்திராவிடின் நாம் எத்துணையோ இழந்திருப்போம். ஆயினும் அந்நூலிலுள்ள நாட்டுப் பாடல்களின் இராகத்தை அச்செழுத்து எவ்வாறு சுமக்கும்? இன்றோ ஒவ்வொரு மாணவர் கையிலும் பதிவுக்கருவியாகிய கைத்தொலைபேசி உண்டு. ஆய்வேட்டுக்கு வேண்டியதை எழுதி எடுத்ததும், இடம் போதாதென்று ஒலிப்பதிவை அழித்துவிடுவோரும் உளர். அயர்லாந்தினர்க்கு வறுமை இருந்தது. இவர்கள் என்ன சமாதானம் கூறுவர்?

புகைப்படத்திலும் இதே சிக்கல் உண்டு. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் பாளையத்திலே டொரோதியா லாங் எடுத்த தாயின் படம் உலகப் பிரசித்தமானது. அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று 1960இல் லாங் அவர்களே எழுதினார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அப்பெயர் 1978இலேதான் உலகுக்குத் தெரியவந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் முகம் எல்லோர்க்கும் உரியதாயிருந்தது. அதனால் அவருக்கு ஒரு காசும் கிட்டவில்லை.

ஆவணம் அழிவதன் வேதனையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்திக் காத்துவருவதை இவ்விடத்தில் நன்றியோடு குறிப்பிடுகிறோம். எனினும், 2009க்குப் பின்னர் எமது தாய்மார் ஆணைக்குழுக்களுக்கும் ஆய்வாளர்க்கும் நிறுவனங்களுக்கும் தம் கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டனர். கேட்டுச் சென்றவரிற் பலர் திரும்பிவரவில்லை. எழுதியதன் பிரதியொன்றும் வரவில்லை. இத்தகைய வாசலில் மற்றுமொரு மாணவர் கருவியோடு போய் நிற்பதாயின், முன்னவர் பட்ட கடனையும் சேர்த்தே அவர் தீர்க்க வேண்டியிருக்கும்.

எனவே எமது பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் நாம் சொல்ல விரும்புவது பெரிய திட்டமன்று. ஒலிப்பதிவின் மூலப்பிரதியை அழியாது காத்தல். பேசியவர் வீட்டுக்கு ஒரு பிரதி, ஊர் வாசிகசாலைக்கு ஒரு பிரதி. படம் எடுத்தால் அதனை அச்சிட்டு அவர் கையிற் கொடுத்தல். பெயரைப் பற்றி மட்டும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. அயர்லாந்துச் சிறுவர் அச்சமின்றிப் பெயர் குறித்தனர். எம் நாட்டிலோ, காணாமற்போன மகனைப் பற்றிப் பேசும் தாய்க்குத் தன் பெயர் வெளிவருவது பாதுகாப்பாகவும் அமையலாம், ஆபத்தாகவும் முடியலாம். அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் பேராசிரியருமல்லர், பத்திராதிபருமல்லர். அத்தாயிடமே கேட்க வேண்டும். இன்று சம்மதித்து நாளை வேண்டாமென்று அவர் சொன்னாலும், பதிவேட்டிலே அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.