ஏழு நாடு, பத்து நாள், ஒரு பசுமாடு

ராகிக் கட்டை போர் போட்டு முடிச்ச அன்னிக்கு சாயந்திரம், பெங்களூருல வேலை செய்யற என் மக போன்ல ஒரு பட்டியல் அனுப்பினா. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிக், வியன்னா, வெனிஸ். ஏழு நாடு, பத்து நாள், எல்லாம் ரயில்லயே. "நைனா, நீயும் அம்மாவும் ஏப்ரல்ல என்கூட வர்றீங்க. காசப் பத்தி பேசாத"ன்னு கீழ ஒரு வரி.

வீட்டம்மா மொதல்ல கேட்டது, "மாட்ட யாரு கறக்கறது?"

நான் கேட்டது வேற. பத்து நாள்ல ஏழு ஊருன்னா, பாக்கறது எப்போ? வீட்டம்மாவோட சமையல் கணக்கு நோட்டுல பின்பக்கம் கோடு போட்டுப் பாத்தேன். காலைல பெட்டி கட்டணும், ஸ்டேஷனுக்கு ஓடணும், ரயில்ல மூணு நாலு மணி நேரம், எறங்கி தங்கற இடம் தேடணும், மறுபடி பெட்டிய அவுக்கணும். தக்காளி சீசன்ல ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி ஏத்தற மாதிரிதான் இருக்கு. ஒரே வித்தியாசம், மண்டில சாயந்திரம் கைல காசு வரும்.

நகரத்துல இருக்கறவங்க கோவிச்சுக்கக் கூடாது. இந்த எண்ணிக்கைப் பழக்கம் உங்ககிட்ட கொஞ்சம் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை தளிக்கு வண்டி எடுத்துக்கிட்டு வர்றீங்க. வெள்ளைக்காரன் அதுக்குக் குட்டி இங்கிலாந்துன்னு பேர் வெச்சான், அந்தப் பேருக்காகவே வர்றீங்க. அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, பேட்டராய சுவாமி கோயில், ரோஜா கூடாரத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ, "என்ன நிம்மதிங்க உங்க வாழ்க்கை"ன்னு ஒரு வார்த்தை, அஞ்சு மணிக்கு ஓசூர் டிராஃபிக்ல நிக்கப் போயிடுவீங்க. கூடாரத்துக்குள்ள மருந்தடிக்கற ஆளுகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீங்க. ஏழு நாட்டுல நாங்க போய் அதையேதான் செய்யப் போறோமான்னு மககிட்ட கேட்டேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் "சரி, நீயே போடு பிளான"ன்னா.

போட்டேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதச் சொல்றேன், யாருக்காவது ஒதவும்.

ஐரோப்பாவுல பல நாட்டு ரயிலுக்கும் சேத்து ஒரே பாஸ் இருக்கு, பேர் யூரெயில். 1959லருந்து இருக்குது. இப்போ 33 நாட்டுல செல்லும். இன்டர்ரெயில்னு இன்னொன்னு விப்பாங்க, அது அங்கயே குடியிருக்கறவங்களுக்கு. நம்மள மாதிரி வெளிய இருந்து போறவங்க யூரெயில்தான் வாங்கணும். ஒரு மாசத்துக்குள்ள 4 நாள், 5 நாள், 7 நாள்னு வாங்கலாம். இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. 4 நாள்னா ரயில் ஏறற நாள் மட்டும் நாலு. நடுவுல ஒரு ஊர்ல மூணு நாள் தங்கினா அது கணக்குல வராது. மகளுக்கு 27 வயசுதான், அதனால இளைஞர் விலை. எனக்கும் வீட்டம்மாவுக்கும் முழு விலை. 60 ஆயிருந்தா கொஞ்சம் தள்ளுபடி கிடைச்சிருக்கும், எனக்கு இன்னும் நாலு வருசம் இருக்கு.

பாஸ் இருந்தா எந்த ரயில்லயும் ஏறிக்கலாம்னு நெனச்சா அதுவும் தப்பு. பாரிஸ்லருந்து ஆம்ஸ்டர்டாம் போற யூரோஸ்டார், பிரான்ஸ் நாட்டு டிஜிவி, ராத்திரி ரயில் இதுக்கெல்லாம் தனியா காசு கட்டி சீட்டு பிடிக்கணும். பாஸ்காரங்களுக்கு ஒதுக்கற சீட்டும் அளவுதான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்ல, வந்த ரயில்ல ஏறலாம். மகளோட ஏழு நாடு பட்டியல்ல பாதி ரயில் தனிக்காசு கேக்கற ரயில். அப்புறம், ஜெர்மன்காரன் நேரம் தவறமாட்டான்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கோம். 2024ல அவங்க தொலைதூர ரயில்ல நூத்துக்கு 62 சொச்சம்தான் நேரத்துக்கு வந்திருக்கு. எட்டு நிமிசத்துல வண்டி மாறணும்னு திட்டம் போட்டா, ரெண்டு பெட்டியும் வீட்டம்மாவோட முழங்கால் வலியுமா பிளாட்பாரத்துல நிக்க வேண்டியதுதான்.

நான் போட்டது மூணரை நாடு. ஆம்ஸ்டர்டாம்ல மூணு ராத்திரி. ரோஜா ஊர்க்காரன் போய்ப் பாக்க வேண்டிய எடம் அதுக்குப் பக்கத்துல ஆல்ஸ்மேர்ல இருக்கு, பூ ஏல மண்டி. அங்க ஏலம் மேலருந்து கீழ எறங்கும். கடிகாரம் மாதிரி ஒண்ணுல விலை கொறைஞ்சுக்கிட்டே வரும், மொதல்ல பட்டனை அமுக்கறவனுக்குப் பூ. நம்ம மண்டில விலை ஏறும்னு காத்திருந்து காத்திருந்து பூ வாடறதப் பாத்தவனுக்கு அது எப்படி நடக்குதுன்னு ஒரு தடவையாவது பாக்கணும். அப்புறம் கொலோன்ல ரெண்டு ராத்திரி. அங்கருந்து ரைன் ஆத்தங்கரை ஓரமாவே ரயில் போகும். பேசல் வந்து வண்டி மாறணும். அந்த ஒரு ஊர்ல சுவிஸ் ரயில், ஜெர்மன் ரயில், பிரெஞ்சு ரயில் மூணும் வந்து நிக்குது. எங்க வாரச்சந்தைல ஒருத்தன் தமிழ்ல விலை கேட்டு, தெலுங்குல பேரம் பேசி, கன்னடத்துல திட்டிட்டுப் போவான். அதனால பேசல் எனக்குப் பெரிய அதிசயமா இருக்காதுன்னு நெனக்கறேன்.

கடைசில சுவிஸ்ல கூர்ங்கற ஊர். மூணு ராத்திரி. அங்கருந்து பெர்னினா மலைரயில் ஏறினா இத்தாலிப் பக்கம் திரானோவுல எறக்கிவிடும், அப்புறம் மிலான்ல ரெண்டு ராத்திரி, அங்கருந்து விமானம். நம்ம ஊட்டி மலைரயிலோட பல்சக்கர முறையக் கண்டுபிடிச்ச ஆப்ட்ங்கறவர் சுவிஸ்காரர். இஞ்சினும் அவங்க ஊர் வின்டர்தூர்ல செஞ்சு வந்ததுதான். 1899ல அந்த ரயில் குன்னூருக்கு ஏறிடுச்சு.

நமக்கும் ஒண்ணு இருந்துச்சு, தெரியுமா? மொரப்பூர்லருந்து தர்மபுரிக்கு ரெண்டரை அடி அகலத்துல சின்ன ரயில், 1906ல வந்தது. 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. 1941ல, யுத்த சமயத்துல, நிறுத்திட்டாங்க. எங்க தாத்தா அதுல போயிருக்காரு. இப்போ சேலம் பெங்களூரு ரயில் கெலமங்கலம் வழியா போகுது, அது வரைக்கும் சந்தோசம். ஆனா கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரத்துல இன்னிக்கும் ரயில் நிலையம் கெடையாது. இவ்ளோ ஃபேக்டரி வந்தும் இல்ல. அடுத்தவன் நாட்டு ரயில் அட்டவணைய ராத்திரி பதினோரு மணிக்கு மனப்பாடம் பண்றப்ப எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு.

விசாவுலதான் உண்மையான கஷ்டம். ஷெங்கன் விசா ஒண்ணு வாங்கினா 29 நாடு போகலாம், கட்டணம் 90 யூரோ. எந்த நாட்டுல அதிக நாளோ அங்க மனு போடணும். நெதர்லாந்தும் சுவிஸும் சமமா மூணு ராத்திரி வந்ததால, மொதல்ல எறங்கற நெதர்லாந்து. இது வரைக்கும் சரி. "வருமான வரி கணக்கு மூணு வருசத்துது குடுங்க"ன்னாரு விண்ணப்பம் பூர்த்தி பண்ற ஏஜென்ட். விவசாய வருமானத்துக்கு வரியே இல்ல சார், கணக்கு எங்கருந்து வரும்? "அப்ப விவசாயின்னு போடாதீங்க. பிசினஸ்னு போட்டுக்கலாம், விவசாயின்னா திரும்பி வரமாட்டாங்கன்னு நெனப்பாங்க"ன்னாரு.

அப்படியே எழுந்து வந்துட்டேன்.

மூணு ஏக்கரு, ஒரு போர்வெல், சினையா இருக்கற மாடு, நவம்பருக்கு நவம்பர் ஜவளகிரி காட்டுலருந்து எறங்கி வந்து என் ராகியத் தின்ற யானை. இதெல்லாம் விட்டுட்டு ஆம்ஸ்டர்டாம்ல ஒளிஞ்சுக்குவேனா? மாசச் சம்பளக்காரன் வேலைய விட்டுட்டு எங்க வேணா போலாம். நெலத்த எந்தப் பெட்டில வெச்சு எடுத்துட்டுப் போறது? திரும்பி வர்றதுக்கு எங்கள விட ஜாமீன் எவனுக்கு இருக்கு? பட்டா, சிட்டா, அடங்கல் எடுத்து, தாசில்தார் கையெழுத்துப் போட்ட வருமானச் சான்று வாங்கி, எல்லாத்தையும் இங்கிலீசுல மொழிபெயர்த்து, மகளோட சம்பள ரசீதும் செலவ ஏத்துக்கறேன்னு அவ கடிதமும் சேத்து நாங்களே மனு போட்டிருக்கோம். தொழில்ங்கற எடத்துல விவசாயின்னுதான் எழுதியிருக்கு. பாஸ்புக்தான் கொஞ்சம் உதைக்குது. மார்ச்சுல ஏறும், ஜூன்ல வெதைக்கு எறங்கும், அதுல எந்த ஆபீசருக்கும் ஒரு ஒழுங்கு தெரியாது.

அடுத்த மாசம் கைரேகை வெக்கப் போகணும். ரேஷன் கடை மிஷினே நாலு தடவை தொடச்சாத்தான் என் விரல ஒத்துக்கும். ஒரு வாரம் மம்புட்டி தொடாதன்னு மக கண்டிசன் போட்டிருக்கா.

"விவசாயிக்கு எதுக்குய்யா ஐரோப்பா, அந்தக் காசுல இன்னொரு போர் போடலாமே"ன்னு ஊர்ல ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. நகரத்து நண்பர் ஒருத்தரும், "உங்க ஊரே சொர்க்கம், நீங்க எதுக்கு அலையறீங்க"ன்னாரு. ஊர்க்காரர் பேச்சு எனக்குப் புரியுது, 900 அடி போட்டும் புகை வந்த கொல்லைக்காரர் அவர். நகரத்துக்காரர் பேச்சுதான் புடிக்கல. சொர்க்கத்துல இருக்கறவனுக்கு ஊர் சுத்த ஆசை இருக்கக் கூடாதா? நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து எங்களுக்குப் படம் காட்டணுமா?

ஏப்ரல் ரெண்டாம் பாதின்னு தேதி நான்தான் முடிவு பண்ணேன். ராகி முடிஞ்சிருக்கும், பிப்ரவரி ரோஜாவும் முடிஞ்சிருக்கும், மாங்கா இன்னும் எறங்காது, அங்க டியூலிப் பூத்திருக்கும். மாடு மார்ச்சுல கன்னு போடும். கறவைக்கு என் தம்பி பொண்டாட்டி ஒத்துக்கிட்டா, பால் காசு அவளுக்கு.

மக இப்போ பெர்னினா எக்ஸ்பிரஸ்னு பெரிய கண்ணாடி வெச்ச ரயிலுக்கு சீட்டு பிடிக்கணும்ங்கறா. அதுக்குத் தனிக் காசு, சன்னலும் தொறக்காது. அதே தண்டவாளத்துல சாதா ரயிலும் போகுது, முன்பதிவே வேணாம், சில பெட்டில சன்னல எறக்கலாம். வீட்டம்மா சாதா ரயிலுக்கு ஓட்டுப் போட்டுட்டா. இந்தச் சண்டை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.