வாசல் பூவுக்கு விஷம் எதற்கு?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் வானத்துக்கு என்று ஒரு முறை உண்டு. காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். மதியத்துக்கு மேல் மருதமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். சாயங்காலம் இடியும் காற்றுமாக ஒரு கொட்டு கொட்டும். இல்லாவிட்டால் நாலு தூறல் போட்டு ஏமாற்றிவிட்டுப் போகும். மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டில் பெய்யும் கோடை மழை சராசரியாகச் சுமார் 125 மில்லிமீட்டர்தான். ஆனால் போர்வெல் உப்புத் தண்ணீரிலேயே வளர்கிற பூச்செடிகளுக்கு அது அமிர்தம். வெயில் காலத்தில் மல்லிச் செடியின் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிடும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த மண்ணில் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்பதற்கான அடையாளம் அது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் சரியாகும். நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து உப்பு கீழே இறங்கினாலும் துளிர் பச்சை பிடிப்பதைப் பார்க்கிறேன்.

இதே வெயிலும் மழையும்தான் பூச்சிகளுக்கும் காலம். மழைக்குத் துளிர் வந்தால், துளிரைத் தேடி அசுவினி வரும். நாலு நாள் சேர்ந்தாற்போல் காய்ந்தால் ரோஜா இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் நூல் கட்டும். செம்பருத்தியின் நுனிக் கொம்பில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொள்ளும். மல்லி மொட்டு சில நாள் ஊதா நிறமாகிக் கருகும்; பிரித்துப் பார்த்தால் உள்ளே மொட்டுப்புழு. அந்த வாரத்திலிருந்து எங்கள் தெருவில் மல்லி வாசத்தோடு மருந்து நெடியும் சேர்ந்து வரும். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வயலுக்கென்று தயாரிக்கப்பட்ட ரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு வீட்டுப் பூந்தோட்டத்தில் இடமே இல்லை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. காரணம் எளியது. எந்த மருந்து அடித்தாலும், அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் நடுவே இத்தனை நாள் விட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நெல்லுக்கும் பருத்திக்கும் அந்தக் கணக்கைக் காப்பாற்ற முடியும். மல்லி மொட்டைத் தினமும் பறிக்கிறோமே, அங்கே எந்த நாளை விடுவது? மாலையில் அடிக்கிறார்கள், விடிந்ததும் பறித்து, வாயில் நாரைக் கடித்துக்கொண்டு தொடுக்கிறார்கள். அது சாமிக்குப் போகிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பின்னலுக்குப் போகிறது. செம்பருத்தி தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்கு வருகிறது. பன்னீர் ரோஜா இதழைப் பிய்த்து வாயில் போடாத குழந்தை எங்கள் தெருவில் இல்லை. நாம் தின்னும் காய்கறியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கையில், வாயில், தலையில் தினமும் புழங்கும் பூவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எதிர் வீட்டுப் பெண் சென்ற வைகாசியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். அடியில் பழுப்பாக ஏதோ கொஞ்சம் இருந்தது. "ஏனுங்க்கா, நர்சரில இதக் குடுத்தாங்க. ஒரு மூடி ஊத்தி அடிச்சா செம்பருத்தில ஒண்ணும் மிஞ்சாதுன்னாங்க. அடிக்கலாமுங்களா?" என்றாள். பாட்டிலின் மேல் ஒரு எழுத்து இல்லை. பூச்சிமருந்துப் புட்டியில் நச்சின் அளவைச் சொல்லும் நிறக்குறி கட்டாயம் இருக்க வேண்டும்: சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தபோது அந்த எச்சரிக்கை கடையிலேயே நின்றுவிட்டது. அவள் வீட்டில் மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பூச்சிமருந்தை விற்கவே உரிமம் வேண்டும். மூடிக் கணக்கில் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. அந்தப் பாட்டிலை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். செம்பருத்தி மாவுப்பூச்சியை நாங்கள் இருவரும் தண்ணீர்க் குழாயின் வேகத்திலேயே அடித்து இறக்கினோம்.

மருந்து அடிக்காவிட்டால் செடியே போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு, இதே கோயம்புத்தூரில் நடந்த ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2008-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பப்பாளி மாவுப்பூச்சி இங்குதான் கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி அது. பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கான மல்பெரி என்று எல்லாவற்றிலும் வெள்ளை அப்பியது. வீட்டுச் செம்பருத்திகள் சுருண்டு கருகின. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் பலிக்கவில்லை. அதன் மேல் இருக்கும் மெழுகு மருந்தை உள்ளே விடாது. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனமும் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டன. அவற்றில் நன்றாக நிலைத்தது அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. எள்ளைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். மருந்தால் ஆகாததை அந்தக் குளவி சாதித்தது. நம் வீட்டுச் செம்பருத்தியில் இன்று மருந்தடித்தால் முதலில் சாவது மெழுகுப் போர்வை இல்லாத அந்தக் குளவிதான்.

இன்னொரு உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெரியாமல் அதைக் கொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு, 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சியே அதன் சாப்பாடு. வளர்ந்த வண்டு கறுப்பு உடலும் செம்மஞ்சள் தலையுமாகச் சின்னதாக இருக்கும். அதன் புழுவோ மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். "ஐயோ, எவ்வளவு பெரிய மாவுப்பூச்சி!" என்று அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். அடையாளம் காண்பது கடினமில்லை. மாவுப்பூச்சியைவிடப் பெரியது, இழைகள் நீளமாக இருக்கும், தொட்டால் விறுவிறுவென்று நடக்கும். மாவுப்பூச்சி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். அந்தப் புழுவைக் கண்டால் அந்தக் கொம்பை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் கைவேலைதான். செஞ்சிலந்திப் பேனுக்கு இலையின் அடிப்பக்கத்தில் படும்படி காலையில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். கோடை மழை வலுத்துப் பெய்த வாரம் அந்த வேலையும் இல்லை. ஊதா நிறமான மல்லி மொட்டுகளைப் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், செடியடியில் உதிர்க்கக் கூடாது. எறும்பு ஏறும் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது, குளவியையும் பொறிவண்டையும் விரட்டுகிறது. அதனால் எறும்பு ஏறும் வழியை முதலில் அடைக்க வேண்டும். மிஞ்சினால் லிட்டருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்பு; அதுவும் பூச்சி உள்ள கொம்புக்கு மட்டும். கத்திரி வெயில் நேரத்தில் உச்சி வேளையில் அடித்தால் இலை பொசுங்கும், சாயங்காலம் அடித்தால் மழை கழுவிவிடும். மருதமலைப் பக்கம் வெளுத்திருக்கும் மாலையாகப் பார்த்துத்தான் நான் தெளிக்கிறேன்.

கனகாம்பரத்தைப் பூச்சியைவிட ஈரம்தான் கொல்கிறது. மழைத் தண்ணீர் காலடியில் தேங்கினால் வேர் அழுகும், மேலே இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், மருந்தும் அடிப்பார்கள். மேட்டுப்பாத்தியில் வைத்து, பக்கத்தில் செண்டுமல்லி நட்டால் வேரைத் துளைக்கும் நூற்புழுவும் குறையும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் மழைக்காலத்தில் அதை எடுத்துவிட வேண்டும். அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இவ்வளவையும் வீட்டில் இருப்பவர் செய்துவிடலாம். அரசு செய்ய வேண்டியதும் உண்டு. நர்சரிகளில் பெயரில்லாப் பாட்டிலில் மருந்து விற்பதை வேளாண்மைத் துறை நேரில் வந்து சோதிக்க வேண்டும். கோடையில், செடி அதிகம் விற்கும் மாதங்களில் வர வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுத்து வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு படத்தாள் சேர்த்தால் போதும்: ஒரு பக்கம் மாவுப்பூச்சி, மறுபக்கம் அதைத் தின்னும் பொறிவண்டுப் புழு, உண்மை அளவில், வண்ணத்தில். பல்கலைக்கழகம் வளர்க்கும் பொறிவண்டுகளைப் பத்து, இருபது என்று சிறு டப்பாவில் வீட்டுக்காரர்களுக்கும் விற்க வேண்டும். ஒரு செம்பருத்திச் செடி வைத்திருப்பவர் ஏக்கர் கணக்கில் வாங்க முடியாது. அடுத்த சித்திரைக்குள் இதைச் செய்துவிட முடியும்.